பிள்ளையைச் சேர்க்கும் முன் ஆசானைப் பாருங்கள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உடற்கல்வி ஆசிரியரான என்னிடம் கோடை விடுமுறை தொடங்கியதும் பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சாரே, பயலுக்கு ஒரு ஒழுங்கு வரணும். கராத்தேயில சேக்கவா, சிலம்பத்துல சேக்கவா?" மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கமானால் களரியையும் சேர்த்துக் கேட்பார்கள். அவசரமாகப் பதில் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன்.

நம் மண்ணில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அடிமுறை என்கிற சண்டைக்கலை அந்நியமானது இல்லை. தெற்கன் களரி என்றும் இதைச் சொல்வார்கள். வடகேரளக் களரியில் முதலில் மெய்ப்பயிற்சி, அப்புறம் மரக்கோல், அதன் பிறகு இரும்பு ஆயுதங்கள், கடைசியில்தான் வெறுங்கைப் பயிற்சி வரும். நம் அடிமுறையில் இந்த வரிசை மாறும். வெறுங்கையும் காலடியும்தான் ஆரம்பம். சுவடு ஒழுங்காக வைக்கத் தெரிந்த பிறகுதான் கம்பு கைக்கு வரும். மேற்கே ஒரு சுவடு, கிழக்கே ஒரு சுவடு என்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது பிள்ளைக்குச் சலிப்பு வரத்தான் செய்யும். "புதுசா ஒண்ணும் சொல்லித் தரலை" என்று வீட்டில் வந்து குறை சொல்லும். அந்த நேரத்தில் பெற்றோர் தயவுசெய்து வேறு வகுப்பு தேட வேண்டாம். நீங்கள் கேட்ட ஒழுங்கு பிள்ளைக்குள் இறங்குவது அந்தச் சலிப்பான நாட்களில்தான்.

அடிமுறை ஆசான்களிடம் எனக்குப் பெரிய மரியாதை வரக் காரணம் வேறு ஒன்று. நம் ஊரில் அடிக்கக் கற்றுக்கொடுத்தவரே சுளுக்குக்கு எண்ணெய் தடவுகிற வைத்தியராகவும் இருந்தார். வர்மம் என்பது உடம்பிலுள்ள உயிர்நிலை. அது மொத்தம் 108 என்று கணக்குச் சொல்வார்கள். அதில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவுக்குக் கடுமை இல்லாத தொடுவர்மம் 96. எந்த இடத்தில் தட்டினால் ஆள் விழுவான் என்று கற்பவன், விழுந்தவனை எழுப்புகிற இளக்குமுறையையும் சேர்த்தே கற்க வேண்டும். அதையும் எல்லோருக்கும் கொடுத்துவிடமாட்டார்கள். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வர்மத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள் என்பது மரபாக வருகிற பேச்சு. முன்கோபக்காரன் எத்தனை வருடம் நின்றாலும் அவனுக்குக் கிடைக்காது. கையின் பலத்துக்கு முன்னால் ஆளின் குணம் பார்க்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் வீடியோ பார்த்து வர்மத்தை யாரும் பழக வேண்டாம். கழுத்திலும் நெற்றிப்பொட்டிலும் விளையாட்டாகத் தட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. பயிற்சியில் தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் எண்ணெய் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சிலம்பத்தைப் பலரும் கொடைவிழாவிலும் திருவிழா ஊர்வலத்திலும் பார்த்திருப்பீர்கள். கம்பு சுற்றுகிற வேகம்தான் கண்ணுக்குத் தெரியும். வேலை முழுவதும் காலில் இருக்கிறது. செலவும் குறைவு, ஆள் உயரத்துக்கு ஏற்ற ஒரு கம்பும் கொஞ்சம் திறந்த வெளியும் இருந்தால் போதும். பெண்பிள்ளைகள் இதில் அழகாக முன்னேறுவதைப் பார்க்கிறேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. நல்ல விஷயம், மகிழ்ச்சிதான். ஆனால் சான்றிதழுக்காக மட்டும் பிள்ளையைச் சேர்த்தால், அது கைக்கு வந்த மறுநாளே பிள்ளை கம்பை மூலையில் சாத்திவிடும்.

சரி, வெளிநாட்டுக் கலைகளுக்கு வருவோம். ஜூடோவை 1882-ல் டோக்கியோவில் தொடங்கிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். ஜப்பானின் ஒகினாவா தீவில் இருந்த கராத்தேயை 1922-ல் டோக்கியோவில் செய்துகாட்டிப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷி ஒரு பள்ளி ஆசிரியர். இரண்டு பேருமே சண்டைக்காரர்களை உருவாக்குவதை நோக்கமாக வைக்கவில்லை. பிள்ளைகளை வளர்ப்பதற்கு ஒரு வழியாகத்தான் இதைப் பார்த்தார்கள். ஜூடோவில் எனக்கு மிகவும் பிடித்தது, முதல் பாடமே விழுவது என்பதுதான். முதுகில், பக்கவாட்டில், உருண்டு என்று அடிபடாமல் விழக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் எதிராளியைத் தூக்கிப் போடவே சொல்லித் தருவார்கள். தோற்றுப்போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நூறு தடவை விழுந்து எழுந்த பிள்ளைக்கு நூற்றியோராவது தடவை அவமானம் இருக்காது. பயிற்சியில் இரண்டு பேரும் பயன்பெற வேண்டும் என்பதை கானோ ஒரு கொள்கையாகவே வைத்தார். கூட்டாளியைக் காயப்படுத்திவிட்டால் நாளைக்கு யாரோடு பழகுவது?

கொரியாவின் டேக்வாண்டோ கால் உதைகளுக்குப் பெயர்போனது. 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டி. துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கு ஒத்துவரும்.

கராத்தே வகுப்புகளில் தகுதிக்கு ஏற்ப நிறம் மாறுகிற இடுப்புப் பட்டையைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. கருப்புப் பட்டை வாங்கியவர் அந்த மரபில் அடிப்படையை முடித்தவர், அவ்வளவுதான். அதற்கு மேலே டான் என்ற படிகள் நிறைய இருக்கின்றன. சில மாதங்களுக்கு ஒரு முறை தேர்வுக் கட்டணம் வாங்கி நிறத்தை மாற்றிக்கொடுக்கிற இடம் என்றால் யோசியுங்கள்.

அப்படியானால் எதைத்தான் தேர்ந்தெடுப்பது? எந்தக் கலை என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. முதலில், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் ஒரு மாலை முழுவதும் வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். அங்கே பெரிய பையன் சின்னப் பையனோடு பழகும்போது என்ன செய்கிறான்? அடியின் வேகத்தைக் குறைக்கிறானா, தன் பலத்தைக் காட்டுகிறானா? ஆசான் அதைக் கவனிக்கிறாரா? தப்பாகச் செய்த பிள்ளையை மற்றவர்கள் முன்னால் கேவலப்படுத்துகிறாரா, "வா மக்கா, இன்னொரு தடவை பார்ப்போம்" என்று கூப்பிடுகிறாரா? பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை நடத்துகிற விதம்தான் அந்த இடத்தின் உண்மையான பாடம். உங்கள் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரப் போவதும் அதைத்தான். தம்பியிடம், வகுப்புத் தோழனிடம், நாளைக்கு மனைவியிடம் அது வெளிப்படும். இதில் தேறாத இடம் எத்தனை கோப்பை அடுக்கி வைத்திருந்தாலும் வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவத்திலும் வரும். ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. திறந்தவெளி வகுப்பு என்றால் மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று ஆசானிடம் கேட்டு வையுங்கள். "ஒரு கூரைக்கடியில சுவடு மட்டும் பழகுவோம்" என்று சொல்கிறவரிடம் தைரியமாக விடலாம். இடைவெளி விழுந்தால் பழக்கம் விட்டுப்போகும்.

பெரியவர்களும் கேட்பதுண்டு. விடிவதற்குள் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவர், நாற்பதைத் தாண்டிய அம்மாமார். நிச்சயமாகச் சேரலாம். முழங்கால் வலியோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிலம்பத்தின் காலடிகளை உங்கள் வேகத்துக்கு மெதுவாகவே பழகலாம்.

பெண்பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் வகுப்பு முடிகிற நேரத்தையும் கடைசிப் பேருந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்பினால் போக்குவரத்தும் எளிது, ஒருத்தி சுணங்குகிற நாளில் இன்னொருத்தி இழுத்துக்கொண்டு போவாள். பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே இரண்டு மூன்று வகுப்புகளைப் போய்ப் பார்த்து வந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.