கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய சபையில் ஓய்வுநாள் பள்ளியின் பெரிய வகுப்பை நடத்துகிறேன். எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகள். இந்த வயதுப் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை மற்றவர்களிடம் சொல்ல எப்படிப் பழக்குவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்து, முஸ்லிம் நேயர்கள் 'நமக்கு எதற்கு இது' என்று ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். பேச்சில் பாதி உங்களைப் பற்றியதுதான்.

சபைகளில் வழக்கமாக நடப்பது இது. கோடை விடுமுறையில் ஒரு வாலிபர் முகாம். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வருவார். கிடார், கைதட்டல், கொஞ்சம் கண்ணீர். கடைசி நாள், 'நண்பர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல எத்தனை பேர் ஆயத்தம், கையைத் தூக்குங்கள்' என்பார். எல்லாக் கையும் உயரும். அப்புறம் ஆளுக்கு ஒரு கட்டு கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுத்தாள்கள். பள்ளி திறக்கும்போது அந்தக் கட்டு புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். பிள்ளைக்கோ, கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டோமே என்று உள்ளுக்குள் உறுத்தல். பிள்ளைகள் மேல் தப்பில்லை, நாம் கொடுத்த வேலைதான் தப்பு என்பது என் எண்ணம்.

நம் மலையில் யார் யாருக்கு அந்நியர்? ஒரு எஸ்டேட் லைனை, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கும், கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்தவர்கள் இருப்பார்கள், பக்கத்து ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், நீலகிரிப் படகர்கள். மாரியம்மன் கோயில் மேளமும் சர்ச் மணியும் ஒரே வீட்டுக்குள் கேட்கும். நம் பிள்ளை பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதியதும், தண்ணீர்க் குழாயடியில் போட்ட சண்டையும் அவன் நண்பனுக்குத் தெரியும். அந்த நண்பனிடம் போய் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினால் அவன் சிரிக்கத்தான் செய்வான்.

பேதுரு தம் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் சொல்வதைக் கவனியுங்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார். அங்கே முதலில் வாயைத் திறப்பது கேட்கிறவர். ஆகவே வகுப்பில் நான் பிரசங்கக் குறிப்பு எதுவும் கொடுப்பதில்லை. 'பள்ளியிலும் பஸ்ஸிலும் உன்னை என்ன கேட்கிறார்கள்? அதை எழுதிக்கொண்டு வா' என்பேன்.

வந்த கேள்விகள் எந்த முகாமிலும் பேசப்படாதவை. 'ஏன்டி நீ பொட்டு வைக்கிறதில்ல?' 'அவ்வளவு ஜெபம் பண்ணீங்களே, உங்க பாட்டி ஏன் செத்தாங்க?' 'எங்க கோயில் பொங்கலை ஏன் வாங்க மாட்டேங்கிற, எங்க சாமியைப் பிடிக்காதா?'

இந்தப் பொங்கல் கேள்வியை வகுப்பில் நடித்துப் பார்த்தோம். ஒருத்தி தோழியாக உட்கார்ந்தாள், ஒருத்தி பதில் சொன்னாள். முதலில் வந்தது, 'அது விக்கிரகத்துக்குப் படைச்சது.' வகுப்பே அமைதியாகிவிட்டது. 'இதைத் தினமும் உன் டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுகிறவளிடம் சொல்வாயா?' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எங்க வீட்ல இயேசுவை மட்டும்தான் கும்பிடுறோம்டி. அதனால வேற சாமிக்குப் படைச்சதை வாங்கறதில்ல. உங்கம்மா செய்ற எலுமிச்சம்பழச் சோறுன்னா எப்போ கூப்பிட்டாலும் வருவேன்' என்றாள். கொள்கையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தோழியையும் விடவில்லை. எல்லாச் சபையாரும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நடப்பதில்லை, அது வேறு கதை.

இன்னொரு பையனிடம் நண்பன் கேட்ட கேள்வி: 'ஞாயித்துக்கிழமை சர்ச், சனிக்கிழமை உங்கப்பா டாஸ்மாக் கடையில நிக்கிறாரு. அப்புறம் என்னடா உங்க சாமி?' அதை வாசித்தபோது அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நானும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்: 'ஆமாடா. அதுக்குத்தான் தினமும் ஜெபம் பண்றேன். இன்னும் நிக்கல.' சாட்சி என்று மேடையில் நான் கேட்ட பலவற்றைவிட இது மேல். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனுஷனைப் பரிசேயர் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். அவன் தெரியாததைத் தெரியாது என்கிறான், தனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறான். பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் போதும். 'தெரியலடா, ஐயரம்மாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்' என்று போதகரின் மனைவியிடம் கேட்டு வந்தால் யாரும் தோற்றுப்போவதில்லை.

அடுத்த பாடம் சில பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. நண்பனின் நம்பிக்கையைப் பற்றி அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வரச் சொன்னேன். பேரகணி ஊரில் படகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மனின் பண்டிகைக்கு ஏன் எல்லோரும் வெள்ளை உடுத்திப் போகிறார்கள் என்று ஒரு பிள்ளை தன் படகத் தோழியிடம் கேட்டாள். தோழி அரை மணி நேரம் பேசினாளாம். 'இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்றார் ஒரு சபை மூப்பர். தன்னைப் பற்றி எதுவும் விசாரிக்காமலே பேசத் தொடங்குகிறவரின் பேச்சை இவரே கேட்பாரா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை, வயதில் பெரியவர்.

அவசரப்படுகிறவர்களுக்கு, நம் மலையிலுள்ள கேத்தி என்ற ஊரின் கதையைச் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனார் 1846-இல் அங்கே வேலை தொடங்கினார்கள். மெட்ஸ் என்ற ஜெர்மானியர் படகர்களின் பேச்சைக் கற்றுக்கொண்டு ஹட்டி ஹட்டியாக நடந்தார். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். ஒரு குறிஞ்சி பூத்து, மறுபடி பூக்கிற காலம். நாமோ பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வார இறுதியில் கணக்குக் கேட்கிறோம்.

சட்டத்தையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தன் மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், 18 வயதுக்குக் கீழான மாணவரைப் பெற்றோர் சம்மதமில்லாமல் மத போதனையில் பங்கெடுக்க வைக்கக் கூடாது என்கிறது 28-ஆம் பிரிவு. மிஷன் பள்ளிகள் நிறைந்த இந்த மலையில் இதை ஆசிரியர்களும் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

சட்டம் இருக்கட்டும். எங்கள் வகுப்பில் சில காரியங்களுக்கு இடமே இல்லை. 'ஜெபம் பண்ணினா மார்க் வரும்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. பேனாவோ மிட்டாயோ கொடுத்துக் கூட்டி வரக் கூடாது. நண்பன் 'வேண்டாம்டா' என்றால் அந்தப் பேச்சு அங்கே நிற்க வேண்டும், மறுநாளும் அவனோடு பந்து விளையாடப் போக வேண்டும்.

சில சமயம் நண்பனே, 'நானும் ஒரு நாள் சர்ச்சுக்கு வரட்டுமா?' என்று கேட்பான். கிறிஸ்துமஸ் சமயத்தில் அடிக்கடி நடக்கும். அதற்கு எங்கள் பிள்ளைகள் சொல்ல வேண்டிய பதிலும் தயாராக இருக்கிறது: 'தாராளமா வா. ஆனா வீட்ல கேட்டுட்டு வா. வேணும்னா நானும் எங்கம்மாவும் வந்து உங்கம்மாகிட்ட கேக்கறோம்.' அந்த அம்மா வேண்டாம் என்றால், வேண்டாம்தான். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.