ஜோடி ஃபாஸ்டர் நடிக்காத படம்

நேயர்களுக்கு வணக்கம்.

"இந்தப் படத்தில் முதலில் நடிக்க இருந்தவர் இவர் இல்லை, தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும். டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கூடக் காதைத் தீட்டிக்கொள்வார். எனக்கும் அந்தப் பலவீனம் உண்டு, முப்பது வருஷத்துக்கு மேலாக. இன்று பேசப்போவது ஒரே ஒரு ஹாலிவுட் படத்தைப் பற்றி. நீங்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை. ஏனென்றால் அது எடுக்கப்படவே இல்லை.

1994இல் எனக்கு ஒரு சின்ன ஊரில் வேலை. வெளிநாட்டுச் சினிமாப் பத்திரிகையெல்லாம் அங்கே கண்ணால் பார்க்க முடியாது. சென்னைக்கு வரும்போது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் பழைய இதழ்களைக் கட்டாக வாங்கிப் போவேன். கட்டுக்குள் எது முதல் எது கடைசி என்று ஒரு வரிசையும் இருக்காது. ஒருநாள் பிரித்த இதழில் நடிகை ஜோடி ஃபாஸ்டர் நான் சொல்லும் இந்தப் படத்திலிருந்து விலகிவிட்டார், அந்த இடத்துக்கு மெரில் ஸ்ட்ரீப் பெயர் அடிபடுகிறது என்று போட்டிருந்தது. அடடா என்றிருந்தது. அடுத்த வாரம் இன்னொரு இதழைப் பிரித்தால், ஜோடி ஃபாஸ்டர் நடிக்கிறார் என்று செய்தி. சமாதானமாகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் அட்டையில் தேதியைப் பார்த்தேன். அது முந்தைய இதழ். நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் படமே கைவிடப்பட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. செத்துப்போனவருக்கு நான் வரன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படத்தின் பெயர் 'கிரைசிஸ் இன் தி ஹாட் ஸோன்'. தயாரிப்பது ஃபாக்ஸ் நிறுவனம். இயக்கம் ரிட்லி ஸ்காட். நடிப்பு ராபர்ட் ரெட்ஃபோர்ட், ஜோடி ஃபாஸ்டர். இப்படிப்பட்ட கூட்டணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படம் எப்படி விழும்? இதைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

கதையின் மூலம் ஓர் உண்மைச் சம்பவம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தில், ரெஸ்டன் என்று ஒரு புறநகர். அங்கே ஒரு கட்டடத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து ஆய்வுக்கூடங்களுக்காக வரும் குரங்குகளைக் குவாரன்டைனில் வைப்பார்கள். குவாரன்டைன் என்றால் என்ன என்று 2020க்குப் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை. 1989 கடைசியில் அந்தக் குரங்குகள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. செத்த குரங்கின் திசு மேரிலாந்தில் இருக்கும் ராணுவ ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே பீட்டர் ஜார்லிங், டாம் கெய்ஸ்பர்ட் என்று இரண்டு பேர். குடுவையில் வளர்த்த செல்கள் செத்துக் கிடக்கின்றன. ஏதோ பாக்டீரியா கலந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்த பாக்டீரியாவுக்குத் திராட்சை ரச வாசனை உண்டாம். இரண்டு பேரும் குடுவையைத் திறந்து மோந்து பார்த்தார்கள். ஒரு வாசனையும் இல்லை.

அப்புறம் கெய்ஸ்பர்ட் அதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். புழுப் புழுவாக நெளிந்து கிடந்தது எபோலா என்ற ஆளைக் கொல்லும் நோயின் குடும்பத்து வைரஸ். கொஞ்சம் முன்னால் மூக்கை வைத்து மோந்த சமாச்சாரம்! எப்படி இருந்திருக்கும்?

ராணுவத்தினர் கவச உடை போட்டுக்கொண்டு உள்ளே போய் அத்தனை குரங்குகளையும் கொன்றார்கள். குரங்குகளைப் பார்த்துக்கொண்ட சில ஊழியர்களின் ரத்தத்தில் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. ஆனால் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அந்த வகை மனிதரை ஒன்றும் செய்யாத வகை. அது வெறும் அதிர்ஷ்டம்.

ரிச்சர்ட் பிரெஸ்டன் என்பவர் 1992 அக்டோபரில் இதை 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதினார். ஹாலிவுட்டே பாய்ந்தது. படமாக்கும் உரிமைக்குப் போட்டி. ஒரு பக்கம் லிண்டா ஓப்ஸ்ட் என்ற பெண் தயாரிப்பாளர், ஃபாக்ஸுக்காக. இன்னொரு பக்கம் ஆர்னால்ட் கோபெல்சன். 'பிளாட்டூன்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். ஜெயித்தது ஓப்ஸ்ட்.

தோற்ற கோபெல்சன் என்ன செய்தார்? வார்னர் நிறுவனத்துக்குப் போனார். கொடிய வைரஸ், குரங்கு, ராணுவ டாக்டர் என்று சொந்தமாக ஒரு கதையை எழுத வைத்தார். வழக்குப் போட முடியாதா என்று கேட்பீர்கள். பிரெஸ்டன் எழுதிய எழுத்துக்குத்தான் உரிமை. ஊரில் நடந்த சம்பவத்துக்கு யாரும் பட்டா வாங்க முடியாது. வைரஸுக்கும் வாங்க முடியாது. கோபெல்சன் எழுத வைத்த கதைதான் பின்னால் 'அவுட்பிரேக்' என்று வந்த படம். இயக்கம் வொல்ஃப்காங் பீட்டர்சன்.

ஆக ஒரே மாதிரிக் கதை, இரண்டு ஸ்டுடியோ. ஒரே ஊரில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம், நல்ல சமையல்காரர் ஒருவர்தான் என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. எந்தப் படம் முந்துகிறதோ அதற்குத்தான் கூட்டம். பிந்தியதை இன்னொரு குரங்குப் படம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கதை சரியாக வருவதற்கு முன்பே நட்சத்திரங்களை வளைத்துப்போட்டார்கள். இங்கேதான் கிசுகிசு ஆரம்பம். வார்னர் படத்தின் கதாநாயகனாக முதலில் அடிபட்ட பெயர் ஹாரிசன் ஃபோர்ட். கடைசியில் வந்தவர் டஸ்டின் ஹாஃப்மன். ஃபாக்ஸில் ரெட்ஃபோர்ட், ஃபாஸ்டர்.

நான் எப்போதும் சொல்வது இதுதான். நடிகர் வந்தார், போனார் என்று செய்தி வரும்போது 'யார் நடிக்கிறார்' என்பதை விட்டுவிடுங்கள். 'இது யாருடைய கதை' என்று கேளுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இது யாருடைய கதை? என் கணக்கில் நான்ஸி ஜாக்ஸ் என்ற பெண்ணின் கதை. ராணுவத்தில் கால்நடை மருத்துவர். ஃபாஸ்டர் நடிக்க இருந்தது அவராகத்தான். பிரெஸ்டன் எழுதியதில் ரெஸ்டனுக்கு ஆறு வருஷம் முன்னால் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். நேரம் போனால் போகட்டும்.

1983. நான்ஸி வீட்டில் சமையல் செய்துகொண்டிருக்கிறார். பிள்ளைகள் சின்னவர்கள். பீன்ஸ் டப்பாவைக் கத்தியால் திறக்கப்போய், கத்தி வழுக்கி உள்ளங்கையில் வெட்டிவிட்டது. நம் வீட்டில் தினம் நடக்கிறதுதானே? ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அவர் வேலையைப் பார்த்தார். அப்புறம் ஆய்வுக்கூடத்தில் வேலை. எபோலாவில் செத்த குரங்கை அறுத்துப் பார்க்க வேண்டும். விண்வெளி வீரர் உடை மாதிரி முழுக் கவசம், உள்ளே காற்று வர ஒரு குழாய், கையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கையுறைகள். குரங்கின் உடம்பு முழுக்க ரத்தம். வேலை நடுவில் பார்க்கிறார், மேல் கையுறை கிழிந்திருக்கிறது. கைக்குள்ளே ஈரம். வியர்வையா, ரத்தமா?

ஓடிவந்துவிட முடியாது. மருந்துத் தண்ணீரில் கவசத்தோடு குளித்து முடித்துத்தான் வெளியே வர முடியும். அங்கே நிற்கும்போது அவருக்கு என்ன நினைப்பு வந்தது தெரியுமா? நாடு, உலகம், ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்குக் கொடுக்கப் பணம் எடுக்க இன்றைக்கு பேங்குக்குப் போகவில்லையே என்று நினைப்பு.

கவசத்தைக் கழற்றினால் கடைசிக் கையுறையின் மேல் ரத்தம். அதற்கு உள்ளே பிளாஸ்திரி ஒட்டிய கை. இப்போது அந்த மெல்லிய கையுறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அதைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் நிரப்பினார்கள். பலூன் மாதிரி உப்பியது. ஒரு சொட்டு ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். ஒழுகவில்லை.

சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்களே, அதேதான். சத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. குழாயடியில் ஒரு பெண்ணின் உயிர். இந்தக் காட்சியில் ஜோடி ஃபாஸ்டரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

சரி, ரெட்ஃபோர்டுக்கு என்ன வேடம்? கார்ல் ஜான்சன் என்ற வைரஸ் நிபுணர். 1976இல் காங்கோவில் நோய் வந்தபோது அந்த வைரஸுக்கு எபோலா என்று ஆற்றின் பெயரை வைத்தவர் அவர்தான். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் ரெஸ்டன் கட்டடத்துக்குள் போனவர்களில் அவர் இல்லை. பிரெஸ்டன் அவரைப் போய்ப் பார்க்கும்போது அவர் மொன்டானாவில் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு வேடிக்கை: ரெட்ஃபோர்ட் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மொன்டானாவில் மீன் பிடிப்பவர்களைப் பற்றி ஒரு படம் இயக்கியிருந்தார். அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் ஃப்ரீடன்பெர்க்கை இதற்கும் அழைத்துவந்தார்.

இப்போது பாருங்கள். சம்பவ இடத்திலேயே இல்லாத ஒருவருக்குப் பெரிய ஹீரோ வந்துவிட்டார். ஹீரோ சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அவரை உள்ளே கொண்டுவர வேண்டும். அவர் உள்ளே வர வர நான்ஸி ஓரமாக நகர வேண்டும். ஜேம்ஸ் ஹார்ட் முதலில் எழுதிய திரைக்கதை திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. தன் பாத்திரம் சுருங்கிவிட்டதாக நினைத்து ஃபாஸ்டர் விலகினார் என்றுதான் அப்போதைய செய்திகள் எல்லாம் சொல்லின. இரண்டு தடவை ஆஸ்கார் வாங்கியவர், வேறு யாருக்கோ கதை கேட்டுத் தலையாட்ட எதற்கு வர வேண்டும்?

அவர் போனதும் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அடுத்தது ஸ்ட்ரீப்பா, வேறு யாராவதா என்று வாரம் ஒரு பெயர். நானும் திருவல்லிக்கேணிக் கட்டை வைத்துக்கொண்டு அதைத்தான் படித்தேன். யாருடைய கதை என்று அன்றைக்கு எனக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதோ வீடு பார்த்துக் குடிபோகிற மாதிரி, இவர் காலி செய்தால் அவர் வருவார் என்றுதான் நினைத்தேன்.

இதற்குள் ஜூலையில் வார்னர்காரர்கள் படப்பிடிப்பையே தொடங்கிவிட்டார்கள். அவர்கள் திரைக்கதை மட்டும் சரியாக இருந்ததா என்றால் இல்லை. எடுத்துக்கொண்டே மாற்றினார்கள், மாற்றிக்கொண்டே எடுத்தார்கள். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஃபாக்ஸ் பக்கம் ரெட்ஃபோர்டும் விலகினார். ஆகஸ்டில் படம் டிராப். ஓப்ஸ்ட் ஜெயித்து வாங்கிய உரிமை கையில் இருக்கிறது. நடிக்க ஆள் இல்லை.

அந்த வருஷமே பிரெஸ்டன் தன் கட்டுரையைப் புத்தகமாக விரித்து வெளியிட்டார். விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 1995 மார்ச்சில் 'அவுட்பிரேக்' வந்தது. கலிஃபோர்னியாவில் ஃபெர்ன்டேல் என்ற அழகான சின்ன ஊரில் எடுத்திருக்கிறார்கள். செலவு 5 கோடி டாலர் என்றும், உலகம் முழுக்க வசூல் 19 கோடியைத் தொட்டது என்றும் கணக்கு. நான் கொட்டகையில் பார்த்தேன். நன்றாகவே போனது. கடைசியில் ஹெலிகாப்டரை ஹெலிகாப்டர் துரத்துகிறது, ஊர் மேலேயே குண்டு போடப் போகிறார்கள். எனக்கு மனசெல்லாம் அந்தக் கையுறையில்தான். இன்னொன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வைரஸைக் கொண்டுவந்ததாகக் காட்டும் குரங்கு இருக்கிறதே, அது தென் அமெரிக்க ஜாதி. ஆப்பிரிக்கக் காட்டில் அதற்கு என்ன வேலை? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் சொன்னேன். "பேசாமல் படத்தைப் பாருய்யா" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமா? பீன்ஸ் டப்பா நேரத்தைச் சாப்பிட்டுவிட்டது. சரி, வேகமாக.

படம் வந்து இரண்டே மாதத்தில், மே மாதம், காங்கோவில் கிக்விட் என்ற ஊரில் நிஜமான எபோலா. சுமார் 250 பேர் இறந்தார்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இன்று முடியாது. ஓப்ஸ்டும் ஃபாஸ்டரும் பின்னால் சேர்ந்து ஒரு படம் செய்தார்கள், 1997இல் 'கான்டாக்ட்'. எந்த ஸ்டுடியோவில்? அதே வார்னரில்தான்.

அப்புறம் கிசுகிசுக்காரர்கள் எல்லாரும் மறந்தபின் 2019 மே மாதம் 'தி ஹாட் ஸோன்' நேஷனல் ஜியாக்ரஃபிக்கில் ஆறு பகுதித் தொடராக வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஃபாக்ஸின் பெரும்பகுதியையும் அந்தச் சேனலையும் டிஸ்னி வாங்கியிருந்தது. ஆக ஃபாக்ஸில் விழுந்த படம் டிஸ்னி வீட்டிலிருந்து எழுந்து வந்தது. நிர்வாகத் தயாரிப்பாளர்கள் பட்டியலில் ரிட்லி ஸ்காட் பெயர் இருக்கிறது, லிண்டா ஓப்ஸ்ட் பெயரும் இருக்கிறது. கட்டுரைக்காகப் போட்டி போட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய இருபத்தேழு வருஷம். அந்த அம்மா 2024இல் காலமானார். தொடரில் நான்ஸி ஜாக்ஸாக நடித்தவர் ஜூலியானா மார்குலீஸ். இந்தத் தடவை கதை நான்ஸியைச் சுற்றித்தான்.

ஒரு விரல் காட்டுகிறார்கள். கிக்விட்டுக்காக நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டேன். வணக்கம்.