நெடுங்கம்பி ஆன்டெனா: பல மழைக்காலங்கள் தாங்கும்படி கட்டுவது எப்படி?

[காட்சி: கடலோர வயல். வரிசையாகக் கம்பங்கள், அவற்றின் மேல் ஒற்றைக் கம்பி.]

1921 டிசம்பர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ராசன் என்ற ஊர். அங்கே கடலோர வயலில் கூடாரம் அடித்து, மழையும் குளிருமான இரவுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார் பால் காட்லி என்ற அமெரிக்கர். பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்களின் சிறிய டிரான்ஸ்மிட்டர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கேட்குமா என்று பார்த்துவர அவர்களுடைய சங்கமே அவரை அனுப்பியிருந்தது. கேட்டது! கனெக்டிகட் மாநிலத்து கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி நிலையம் அனுப்பிய செய்தியை அவர் முழுமையாக எழுதி எடுத்தார். மொத்தம் 25-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் அவர் காதில் விழுந்தன.

அவர் நம்பியிருந்தது சுமார் 400 மீட்டர் நீளக் கம்பியை. அந்த வகை ஆன்டெனாவை வடிவமைத்த ஹரால்ட் பெவரேஜுக்கு அதே ஆண்டில்தான் காப்புரிமை கிடைத்திருந்தது. இன்றும் 160 மீட்டர், 80 மீட்டர் அலைவரிசைகளில் தொலைதூர நிலையங்களைத் தேடுகிறவர்கள், இடம் இருந்தால், முதலில் கட்ட விரும்புவது பெவரேஜ் ஆன்டெனாவைத்தான்.

[காட்சி: தரையை ஒட்டி நகரும் அலை, முன்பக்கம் சாய்கிறது.]

இது எப்படி வேலை செய்கிறது? நிலத்தின் மேல் செல்லும் வானொலி அலையின் அடிப்பகுதியை மண் பிடித்து இழுக்கிறது. அதனால் அலை சற்று முன்னோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் கிடைமட்டக் கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அலை செல்லும் திசையிலேயே மின்னோட்டமும் கம்பி நெடுகச் சேர்ந்துகொண்டே வந்து ரிசீவரை அடைகிறது. எதிர்த்திசையிலிருந்து வரும் அலையின் மின்னோட்டம் மறுமுனையில் போய்ச் சேரும். அங்கே எர்த் ராடுக்கு, அதாவது மண்ணில் அடித்த உலோகக் கம்பிக்கு, இணைத்த 450 ஓம் அளவிலான ரெசிஸ்டர் அதை விழுங்கிவிடும். ஆகவே ஒரு திசை மட்டும் தெளிவாகக் கேட்கும்.

கிடைக்கும் சிக்னல் என்னவோ பலவீனமானதுதான். ஆனால் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறைந்துவிடும். 1.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது 160 மீட்டர் அலைவரிசையில், ரிசீவருக்குச் சிக்னல் பலம் ஒரு குறையே இல்லை. தொலைதூர இடியும் பக்கத்து வீட்டு மின்சாதனங்களும் எழுப்பும் இரைச்சல்தான் தொல்லை. அதனால் உயரமான கோபுரம் தேவையில்லை. இரண்டு, மூன்று மீட்டர் உயரம் போதும். நீளம் ஓர் அலைநீளம், அதாவது 160 மீட்டரைத் தாண்டினால் நல்லது.

[காட்சி: மூன்று வகைக் கம்பிகள், அருகிலிருந்து.]

இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு நீளமாக ஓடும் கம்பி பல ஆண்டுகள் நிற்க வேண்டுமே, அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் மென்செம்பு வேண்டாம். இழுத்துக் கட்டினால் நீண்டுகொண்டே போய்த் தொங்கிவிடும். எஃகின் மேல் செம்பு பூசிய கம்பி சிறந்தது. அது கிடைக்காவிட்டால் மின்வேலிக்கு விற்கும் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியோ அலுமினியக் கம்பியோ போதும். இழப்பு கொஞ்சம் கூடும்தான். ஆனால் கேட்க மட்டும் பயன்படும் ஆன்டெனாவில் அது பொருட்டே அல்ல. மின்வேலியின் இன்சுலேட்டர்களும் இதற்கு அளவெடுத்துச் செய்தவை போலப் பொருந்தும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு கம்பத்திலும் கம்பியைச் சுற்றி முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கம்பி அறுவதற்கு முக்கியக் காரணமே அதுதான். இடையிலுள்ள இன்சுலேட்டர்களில் கம்பி தாராளமாக வழுக்கி ஓட வேண்டும். ஒரு முனையை உறுதியாகக் கட்டுங்கள். மறுமுனையில் ஒரு கப்பி வைத்து, கம்பியோடு இன்சுலேட்டரால் பிரித்த கயிற்றில் எடை தொங்கவிடுங்கள். தோப்புக்குள் கம்பி போகிறது, தென்னை மட்டை ஒன்று அதன் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மேலேற, கம்பி தளர்ந்து தரைக்கு வரும். மட்டையை அகற்றியதும் மறுபடி எழுந்து நிற்கும். வெயிலுக்கும் இதே ஏற்பாடு கைகொடுக்கும். 160 மீட்டர் அலுமினியக் கம்பி, வெப்பநிலை 30 டிகிரி மாறினால் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளுகிறது, சுருங்குகிறது.

[காட்சி: முனைப் பெட்டி, மூடி திறந்த நிலையில்.]

இனி முனைகள். பழுதுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

செம்பும் அலுமினியமும், அல்லது செம்பும் துத்தநாகமும் நேராகத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால், அலுமினியமும் துத்தநாகமும் அரிக்கப்பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே துருப்பிடிக்காத எஃகு வாஷரை வைத்து, அதே எஃகாலான போல்ட்டால் முடுக்குங்கள். எல்லா வயர்களும் பெட்டிக்குள் கீழிருந்தே நுழையட்டும். பெட்டியை முழுக்க அடைத்துவிடாதீர்கள். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி ஈரக் காற்றை எப்படியும் உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே சேரும் நீர் வெளியேற வழி இருக்காது. அடியில் சிறு துளையிட்டு, எறும்பும் குளவியும் நுழையாதபடி மெல்லிய வலை ஒட்டுங்கள். கேபிள் இணைப்பின் மேல் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போது ஓட்டுக் கூரையைப் போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மீது படிந்து, தண்ணீரை வெளியே வழியவிடும்.

ரிசீவர் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் டிரான்ஸ்பார்மரை நீங்களே சுற்றிக்கொள்ளலாம். விலைக்கு வாங்க அவசியமே இல்லை. 73 வகை இரட்டைத் துளை பெர்ரைட் கோரில் (காந்தத்தன்மையுள்ள பீங்கான் கட்டை) கேபிள் பக்கம் 2 சுற்று, ஆன்டெனா பக்கம் 6 சுற்று. ஆன்டெனாவின் 450 ஓம், கேபிளுக்கு ஏற்ற 50 ஓமாக மாறிவிடும். இரண்டு சுருள்களும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் வீட்டு இரைச்சல் கேபிளின் வெளியுறை வழியாக ஆன்டெனாவுக்குள் புகுந்துவிடும். அத்தனை நீளக் கம்பியும் அப்போது வீண்.

மறுமுனை ரெசிஸ்டர் கம்பிச்சுருள் வகையாக இருக்கக் கூடாது. அருகில் மின்னல் விழுந்தால் அதன் மதிப்பு மாறிவிடலாம், அதனால் பெரிய வாட் அளவில் போடுங்கள். கட்டி முடித்த அன்றே, ஆன்டெனாக் கம்பியை டிரான்ஸ்பார்மரிலிருந்து கழற்றி, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலான ஓமை அளந்து பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். பின்னால் எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

[காட்சி: மின்கம்பியும் ஆன்டெனாவும் மிக அருகில். சிவப்புக் குறுக்குக்கோடு.]

இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மின்கம்பிக்குக் கீழேயோ மேலேயோ இதைக் கொண்டுபோகவே கூடாது. எது அறுந்து விழுந்தாலும் ஒன்றையொன்று தொடாத தூரம் வேண்டும். மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரியாது. ஆளும் மாடும் வண்டியும் போகும் இடத்தில் இன்னும் உயர்த்துங்கள், வழியை மறித்துக் கட்டாதீர்கள். மழை மேகம் திரளும் முன்பே கேபிளை வீட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிடுங்கள்.

கட்டியது சரியாக இருக்கிறதா என்று அறிய, ஆன்டெனாவின் பின்திசையில், அதாவது அது கேட்கக் கூடாத திசையில் இருக்கும், மத்திய அலையின் மேல்முனையில் ஒலிபரப்பும் நிலையம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பகலில் அது எவ்வளவு மங்கலாகக் கேட்கிறது என்று குறித்துவைத்து, அவ்வப்போது கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் அது திடீரென்று பலமாகக் கேட்டால், ரெசிஸ்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்; மறுமுனைக்கு நடந்துபோய் முதலில் எர்த் கிளாம்பை ஆட்டிப் பாருங்கள், பிறகு ரெசிஸ்டரை அளந்து பாருங்கள்.