பத்திரிகைத் தாளில் சுற்றிய கொப்பி

நேயர்களே, வணக்கம். சில வருஷங்களுக்கு முன் என் இதய கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். தொடை நோகிறது, படி ஏற முடியவில்லை, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகிறது என்றார். ஐம்பது வயதிருக்கும். மாரடைப்பு வந்து மூன்று மாதம். வேறு ஏதாவது மருந்து குடிக்கிறீர்களா என்று அப்போதுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, துணிப்பைக்குள் இருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய இன்னொரு கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். எய்ச்.ஐ.வி. மருந்து. அதில் ரிட்டோனவிர் இருந்தது. கொலஸ்ட்ரோலுக்கு நான் எழுதிக்கொடுத்தது சிம்வஸ்டட்டின். இரண்டும் சேரவே கூடாது. சிம்வஸ்டட்டினை ஈரல் சிதைப்பதை ரிட்டோனவிர் தடுத்துவிடும். இரத்தத்தில் அது பல மடங்கு ஏறி, தசையை அழிக்கத் தொடங்கும். அவர் பயத்தில் சொல்லவில்லை, சரி. நான் கேட்காதது என் பிழை.

தேறிய பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "டொக்டர், பரிசோதனையில் கிருமியே தெரியவில்லை என்கிறார்கள். எனக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை. பிறகு ஏன் ஹார்ட் அட்டாக்?"

நல்ல கேள்வி. எய்ச்.ஐ.வி. தாக்கும் சீடி4 என்ற நோய் எதிர்ப்புக் கலங்களில் பெரும்பகுதி இருப்பது குடலில். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே அங்கே பெரிய அழிவு நடந்துவிடும். குடல் சுவர் ஒழுகத் தொடங்கும். பக்டீரியாத் துணுக்குகள் இரத்தத்துக்குள் கசியும். கள்ளன் வந்துவிட்டான் என்று உடம்பின் காவல் படை இரவு பகலாக முழித்திருக்கும். மருந்து வைரஸை அடக்கினாலும் அந்தப் பதற்றம் முழுதாக அடங்குவதில்லை. இந்த ஓயாத அழற்சிதான் நாடியின், அதாவது இரத்தக் குழாயின், உட்சுவரைப் புண்படுத்துகிறது. புண்பட்ட இடத்தில் கொலஸ்ட்ரோல் புகும். அதை விழுங்க வரும் வெள்ளை இரத்தக் கலங்கள் கொழுத்துப் போய் அங்கேயே தங்கிவிடும். அந்தப் படிவு ஒருநாள் வெடித்தால் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடும். எய்ச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படியென்றால் எய்ச்.ஐ.வி. மருந்தை விட்டுவிடலாமே என்று யாரும் நினைக்கக் கூடாது. 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், மருந்தை நிறுத்தி நிறுத்திக் குடித்தவர்களுக்குத்தான் இதயப் பாதிப்பு கூடியது. 2023இல் வந்த ரிப்ரீவ் ஆய்வு இன்னும் முக்கியம். 12 நாடுகளில், எய்ச்.ஐ.வி. உள்ள, 40 முதல் 75 வயது வரையான 7,769 பேர். வழக்கமான கணக்கில் பெரிய ஆபத்து இல்லாதவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு தினமும் பிட்டவஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் மருந்தைக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. இந்த மருந்து ரிட்டோனவிரோடு சண்டை பிடிப்பதும் இல்லை.

நம் நாட்டில் எய்ச்.ஐ.வி. மருந்து 2004இலிருந்து இலவசம். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள கிளினிக்கில் பெயர் வெளியே போகாது. அங்கே போகிறவர்கள் நாற்பது வயதைத் தாண்டியிருந்தால் கொலஸ்ட்ரோலையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதய வைத்தியரிடம் வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றியே கொண்டுவந்தாலும் பரவாயில்லை.