பென்சில்வேனியாவும் நடுக்கல்லூரும்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் இளைய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2024 நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்தது. அங்கே அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் மொத்தம் 538 பேர், அதில் 270 பேர் ஒருவர் பக்கம் வந்தால் வெற்றி. இந்தக் கணக்கு நம் டீக்கடைகளில் எல்லாருக்கும் மனப்பாடம். ஏழு மாநிலங்கள்தான் முடிவு செய்யும், அதிலும் பென்சில்வேனியாவின் 19 தேர்வாளர்கள் யாருக்கோ அவரே அதிபர் என்று அலசித் தீர்த்தோம். அடுத்த மாதம், டிசம்பரில், நம் திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவமனைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் கேரளத்திலிருந்து ஆள் வந்து லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நிலம் எந்த ஊராட்சிக்குள் வருகிறது, அதன் தலைவர் யார், அந்த வார்டு உறுப்பினர் யார் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்போம்?

தூரத்துத் தேர்தலைக் கவனிப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. 2025-இல் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியதும் தூத்துக்குடி இறால் ஏற்றுமதி அடிபட்டது. 2024 செப்டம்பரில் இலங்கையில் யார் அதிபரானார் என்பது நம் கடற்கரை ஊர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய சங்கதி. ஆனால் இரண்டிலும் நமக்கு ஓட்டு இல்லை. நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில்கூட நேரடியாக இல்லை. அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். ஓட்டு இல்லாத இடத்தில் இவ்வளவு பேச்சும், ஓட்டு இருக்கிற இடத்தில் இவ்வளவு மௌனமும் ஏன்?

சோம்பல் என்று சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் முதல் கட்டத்தில் 76 சதவீதத்துக்கு மேலும், இரண்டாம் கட்டத்தில் 77 சதவீதத்துக்கு மேலும் ஓட்டு விழுந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்குப்பதிவு 70-ஐத் தொடவில்லை. கிராமத்து ஆட்கள் பக்கத்துத் தேர்தலுக்குத்தான் அதிகமாக வந்திருக்கிறார்கள். நகரத்தில் கதை மாறுகிறது. 2022 பிப்ரவரி நகர்ப்புறத் தேர்தலில் மாநில அளவில் 60 சதவீதம் சொச்சம், சென்னையில் 43 சதவீதம் சொச்சம். அமெரிக்காவிலும் இதே சாய்மானம் உண்டு. 2020 அதிபர் தேர்தலுக்கு மூன்றில் இரண்டு பங்கு பேர் வந்தார்கள். அதிபர் பதவிக்குப் போட்டி இல்லாத 2014 இடைக்காலத் தேர்தலுக்கு வந்தவர்கள் 36 சதவீதம்.

ஆக, கிராமத்தில் கை ஓட்டுப் போடுகிறது, வாய்தான் திறப்பதில்லை. காரணம் பயம் என்பது என் கருத்து. வார்டில் நிற்கிறவர் ஒருவர் சித்தப்பா மகன். எதிர்த்து நிற்பவர் நமக்குப் பலசரக்கு கடன் தருகிறவர். இவர் நல்லவர், அவர் கணக்குக் காட்டவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்த கோயில் கொடையில் வரி வாங்க மாட்டார்கள், கல்யாணத்துக்குத் தாம்பூலம் வராது. டிரம்பைத் திட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. அரசியல் பேசுகிற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. எங்கே பேசினால் விலை கொடுக்க வேண்டாமோ அங்கே போய்ப் பேசுகிறோம்.

அந்த விலை சில நேரம் ரத்தமாகவே இருந்திருக்கிறது. நம் தாழையூத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, பட்டியல் சாதிப் பெண், 2011 ஜூனில் வெட்டப்பட்டார். பெண்களுக்குப் பொதுக்கழிப்பறை கட்ட முயன்றது பகைக்கு ஒரு காரணம். உயிர் பிழைத்தார். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 வரை ஆயிற்று. ஒரு கழிப்பறை எந்த இடத்தில் வர வேண்டும் என்பதற்குள் நிலம், சாதி, பெண்ணுடைய இடம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஊராட்சி அரசியலைச் சின்ன அரசியல் என்று சொல்கிறவர்கள் தாழையூத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் தேதி. அமெரிக்கத் தேர்தல் நாள் 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலையானது: நவம்பரில் முதல் திங்கட்கிழமைக்கு மறுநாள். நான்கு வருடம் முன்பே நாள் குறித்துக் காத்திருக்கலாம். நம் கதை என்ன? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு மட்டும் நடத்தினார்கள். மாவட்டப் பிரிப்பு காரணமாகத் திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கிவைத்தார்கள். நமக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஐந்து வருடம், ஒரு முழுப் பதவிக்காலம், நம் கிராமங்களில் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தில் ஒன்றிய அரசின் உள்ளாட்சி மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2016-இல் 18 வயதான பிள்ளை, தன் ஊராட்சிக்கு முதல் ஓட்டைப் போட 23 வயது வரை காத்திருந்தது. சட்டமன்றத் தேர்தல் ஒன்றை ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் நாடு சும்மா இருக்குமா? இதற்கு மட்டும் ஏன் சும்மா இருந்தோம் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஊடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முகம், ஒரு மேடை, ஒரு முடிவு என்றால் திரையில் காட்டுவது எளிது. ஆயிரக்கணக்கான வார்டுகளைக் காட்ட முடியாது.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்பவர்களுக்கு நம் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியைச் சொல்கிறேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் 49 ஓட்டு. சான்றொப்பம் இட்டவர் தகுதியான அதிகாரி இல்லை என்று தள்ளப்பட்ட 203 அஞ்சல் ஓட்டுகள் வழக்காகி, 2019-இல் மறு எண்ணிக்கை வரை போனது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2000 அதிபர் தேர்தலில் முடிவுக்காக அமெரிக்காவையே காத்திருக்கவைத்த ஃப்ளோரிடா மாநில வித்தியாசம் 537 ஓட்டு. நம்முடையது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சில நூறு ஓட்டே இருக்கிற ஊராட்சி வார்டில் ஒரு வீட்டு ஓட்டே முடிவை மாற்றும்.

இனி உள்ளாட்சி எப்படி இயங்குகிறது என்பதற்கு வருவோம். கிராம வாக்காளருக்கு நான்கு வாக்குச்சீட்டு: வார்டு உறுப்பினருக்குப் பெரும்பாலும் வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஊராட்சி ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பலரும் இளஞ்சிவப்பை மட்டும் யோசித்துக் குத்திவிட்டு, வெள்ளையைச் சொந்தக்காரருக்கு மொய் எழுதுவதுபோலப் போட்டுவிடுகிறார்கள். கெடுவது அங்கேதான். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளே தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் மோட்டார் பழுதுக்கும் தெருவிளக்குக்கும் பணம் வெளியே வராது. தண்ணீர் வராத ஊரில் தலைவரைத் திட்டுகிறோமே, பல இடங்களில் நாம் யோசிக்காமல் போட்ட வெள்ளைச் சீட்டும் அதற்குக் காரணம்.

நெல்லை மாநகராட்சியில் இருப்பவர்களுக்கு ஒரே ஓட்டு, மாமன்ற உறுப்பினருக்கு. மேயரை 55 வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் நெல்லைக்குப் புதிய மேயர் வந்தபோது மக்கள் யாரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கைப் பற்றி மேயரிடம் கேட்க நினைக்கிறவர், முதலில் தன் வார்டு உறுப்பினரைத்தான் நெருக்க வேண்டும்.

சீட்டைக் குத்துவதிலும் கவனம் வேண்டும். கிராமத்தில் இயந்திரம் இல்லை, காகிதம்தான். இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் முத்திரை விழுந்து யாருக்கு என்று தெரியாவிட்டால் செல்லாது. முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்தாலும் செல்லாது. முதலில் நெடுக்காக மடித்து, பிறகு குறுக்காக மடியுங்கள், மை அடுத்த சின்னத்தில் ஒட்டாது. அதற்கு முன்னால் பட்டியல். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் இதிலும் இருக்காது. புதுப் பெயருக்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. பெயர் இருந்தும் தவறான வார்டில் விழுந்திருக்கலாம், வார்டு வரைவுப் பட்டியல் ஒட்டியவுடனே போய்ப் பாருங்கள். வாக்குப்பதிவு அன்றைக்கு வந்து நின்றால் வாக்குச்சாவடி அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது.

தேர்தலுக்கு நடுவே கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், இதைத்தான் குறைவெண் வரம்பு என்பார்கள். படிவம் 30-இல் வரவு செலவு வைப்பார்கள். ஒன்றிய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு (2021-26), உள்ளாட்சி மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. அந்தப் பங்கில் சாலை போட்டதாக எழுதியிருந்தால் எழுந்து கேளுங்கள். தனியாக எழுந்தால் சித்தப்பா மகனோடு சண்டை என்று ஆகிவிடும். ஒரே தெருவிலிருந்து ஐந்தாறு பேர் சேர்ந்து, எழுதிக் கொண்டுவந்த ஒரே கேள்வியைக் கேட்டால் அது ஊர்க் கேள்வி. தீர்மானப் புத்தகத்தில் வாசகம் எழுதி முடிப்பதற்கு முன்னால் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் வழக்கம். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் கேள்வியும் அதற்குச் சொன்ன பதிலும் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.