எதிரொலிக்கும் அறைக்கு எட்டுப் பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

இப்போது கட்டும் வீடுகளில் தரை முழுக்க டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பரப்புகள் தங்கள்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மீதி அப்படியே திரும்பி வரும். வீட்டிலிருந்து ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களிடம் கேளுங்கள். "சார், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்று மாணவர் சொல்வார். இவர் மைக்கை மாற்றிக்கொண்டே இருப்பார். கோளாறு மைக்கில் இல்லை, அறையில்.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே தொல்லை. ஃபாக் அருங்காட்சியகத்தின் புது விரிவுரை அரங்கில் ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்து மேலே விழுந்துவிடும். சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. சாண்டர்ஸ் தியேட்டர் இருக்கைகளின் மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அரங்கில் பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து அவர் கண்ட கணக்கைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறோம்: அறை பெரிதானால் முழக்கம் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சாமான் இல்லாத வெறும் அறையில் முழக்கம் அடங்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். ஒலியை உறிஞ்சும் பலகைகளை, ஒரு மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் அளவில், எட்டு மாட்டினால் ஒரு விநாடிக்குக் கீழே வந்துவிடும். கட்டில் மெத்தை, கனமான திரை, உள்ளே இரண்டு ஆட்கள் என்று சேர்ந்தால் அரை விநாடி பக்கம் நிற்கும். பேச்சுக்கு அது போதும்.

சரி, எதில் செய்வது? முட்டை அட்டையை விட்டுவிடுங்கள், அதனால் பெரிய பயன் எதுவும் இல்லை. கூம்பு கூம்பாக வரும் ஒரு அங்குல ஃபோமும் எனக்குப் பிடிக்காது. ஆண் குரலின் அடித்தொனி நூறு ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அந்த அலையின் நீளம் மூன்று மீட்டருக்கு மேல். ஒரு அங்குலம் அதை என்ன செய்யும்? கீச்சொலியை மட்டும் தின்றுவிட்டு, 'கும்' என்ற முழக்கத்தை விட்டுவைக்கும். சாதாரண ஃபோமில் தீ ஆபத்தும் உண்டு. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு, 100 பேர் இறந்தார்கள்.

நான் சொல்வது ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழையாக்கிச் செய்த பஞ்சுப் பலகை. இன்சுலேஷன் சாமான் விற்கும் கடைகளில் இரண்டு அங்குலத் தடிமனில் கிடைக்கும். அடர்த்தி கேட்டால் 48 (கன மீட்டருக்கு 48 கிலோ) என்று சொல்லுங்கள். தீப்பிடிக்காது. அதன் அளவுக்கே ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்துவிட்டால் வெட்டும் வேலை மிச்சம். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், தூள் அரிக்கும். அப்புறம் துணியைச் சுற்றி, பின்பக்கம் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டியதுதான். துணியை வாங்கும்போது வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போனால் ஒலியும் போகும். காடா துணி, சணல் துணி எல்லாம் சரி. ரெக்ஸின் கூடாது, ஒலி அதில் பட்டுத் திரும்பிவிடும். ரெடிமேட் பலகையில் பெரும்பாலும் தோற்றத்துக்குத்தான் காசு. இது மரம், துணி, ராக்வூல் என்று முடிந்துவிடும்.

மாட்டும்போது சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். அதே பலகை இன்னும் தாழ்ந்த ஓசைகளையும் பிடிக்கும், மழைக்காலத்தில் சுவரின் ஈரமும் ஏறாது. நாலு சுவரையும் மூட வேண்டியதில்லை. அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். 'ட்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டு பந்தாடுகின்றன என்று பொருள். ஒரு சுவரில் மாட்டினாலே அது நிற்கும். பேசுகிறவர் வாய் உயரத்துக்கு, முகத்துக்கு எதிரில் உள்ள சுவரிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தை இந்தப் பலகை தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அந்தச் செலவே வேறு.

நன்றி, வணக்கம்.