ஐஐடியின் மதிப்பு எங்கே இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம்.

ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. அங்கே வகுப்பெடுக்கும் பேராசிரியர்களே நடத்தும் பாடங்களை இன்று யார் வேண்டுமானாலும் யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். ஐஐடியின் மதிப்பு பாடத்தில்தான் இருக்கிறது என்றால், இத்தனை ஆண்டுகளில் அது கொஞ்சமாவது கரைந்திருக்க வேண்டாமா? கரையவில்லையே!

அப்படியானால் மதிப்பு எங்கிருந்து வருகிறது? ஐஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் ரேங்க் வந்ததும் மாணவர் கல்லூரியையும் பிரிவையும் சேர்த்து விருப்ப வரிசையாகப் பதிகிறார். ரேங்க்படி ஒவ்வொருவருக்கும், அவர் பட்டியலில் மேலிருந்து பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. ஒரு பிரிவில் கடைசியாக இடம் பிடித்தவரின் ரேங்க்தான் அதன் குளோசிங் ரேங்க். ஒவ்வொரு சுற்றிலும் அது இணையத்தில் வெளியாகிறது.

அடுத்த ஆண்டு வீட்டில் என்ன நடக்கிறது? போன வருடப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்ன எண் மேலே, பெரிய எண் கீழே என்று அப்படியே இறக்கிவிடுகிறார்கள். "நல்ல ரேங்க்கை வீணாக்காதே" என்று பெரியவர் ஒருவர் சொன்னால் போதும், பிள்ளைக்குப் பிடித்த பிரிவு கீழே போய்விடும். மும்பை ஐஐடியின் கணினி அறிவியலில் பொதுப்பிரிவு இடங்கள் முதல் நூறு ரேங்க்குக்குள் நிரம்பிவிடுகின்றன. பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தா அதை மேலே வைத்தார்கள்? முந்தைய ஆண்டு மற்றவர்கள் வைத்தார்கள், அதனால் இவர்களும் வைக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனமும் இந்த ரேங்க் சல்லடையை நம்பித்தான் டிசம்பரில் வளாகத்துக்கு வருகிறது. அது தரும் சம்பளம் அடுத்த ஆண்டுப் பட்டியலை இன்னும் இறுக்குகிறது.

பணத்தாலும் பெயராலும் இந்தச் சுழலை உடைக்க முடியுமா? 2008, 2009-இல் மத்திய அரசு எட்டுப் புதிய ஐஐடிகளைத் திறந்தது. அதே பெயர், அதே நுழைவுத் தேர்வு. ஹைதராபாத் நன்றாக ஏறி வந்திருக்கிறது. ஆனாலும் கணினி அறிவியலில் மும்பை, டெல்லிக்குப் பின்னால்தான் நிற்கிறது.

இந்த வரிசையில் நிற்காமலே பெயர் வாங்கியது சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகம். அதன் நுழைவுத் தேர்வு தனி. நிரூபணம் எழுதச் சொல்லும் கேள்விகள் அதில் வரும். ஜேஇஇ ரேங்க் அங்கே செல்லாது. ஆனால் அது சிறிய நிறுவனம், கணிதம், கணினியியல், இயற்பியல் போன்ற சில துறைகள்தான் அதன் களம். ஆயிரக்கணக்கில் சேர்க்கத் தொடங்கினால் அந்த அளவுகோல் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

சென்னை ஐஐடியின் இணையவழி பிஎஸ் பட்டம் வேறு வழியில் போகிறது. ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வாசலில் இருந்த சல்லடை நடுவழிக்கு வந்துவிட்டது. தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஆள் எடுப்பவர் பதினேழு வயதில் வாங்கிய ரேங்க்கை விட்டுவிட்டு இந்த மதிப்பெண் பட்டியலைப் பார்க்க வேண்டுமானால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்ற கணக்கு, குளோசிங் ரேங்க் போலவே ஆண்டுதோறும் பொதுவெளிக்கு வர வேண்டும்.